இந்தக் கடைக்கு முதலாளி யாரு?

ஐ.வி.! இன்ஜினீயரிங் படிக்கிற யாரிடமாவது இந்த இரண்டு எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். காலேஜுக்குக் கொடுக்கிற லெட்டரில் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று இருக்கும். எங்கள் அகராதியில் அதற்கு அர்த்தம் 'டூர்'. ஒரே ஒரு தொழிற்சாலை, மீதி எல்லாம் பீச்!

அப்படித்தான் போன வருஷம் எங்கள் கிளாஸ் திருவனந்தபுரம் கிளம்பியது. தும்பாவில் ராக்கெட் மியூசியம், அப்புறம் கோவளம். ராத்திரி முழுக்க பஸ்ஸில் குத்தாட்டம் போட்டு, தொண்டை கட்டி, விடிகாலையில் தம்பானூரில் இறங்கினோம். ஒரு பக்கம் ரயில்வே ஸ்டேஷன், எதிரே பஸ் ஸ்டாண்ட். ஐம்பது பேருக்கும் ஒரே குரல்... "சார், காபி!"

கூட வந்த எங்கள் சார், பஸ் ஸ்டாண்டை ஒட்டி நின்ற ஒரு செங்கல் நிறக் கட்டடத்தைக் காட்டினார். உருண்டையாக, சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாக, மேலே சுற்றிக்கொண்டு போகிற கட்டடம். "இதுவா சார் ஹோட்டல்? ஏதோ புறாக் கூண்டு மாதிரி இருக்கு" என்றான் என் நண்பன். அதுதான் இந்தியன் காபி ஹவுஸ்.

உள்ளே போனால் மாடிப்படி கிடையாது. தரையே சரிந்து சரிந்து, வட்டமாக மேலே ஏறுகிறது. வெளிச்சுவர் ஓரமாக, கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேஜை, பெஞ்ச். சுவரில் இருக்கிற ஓட்டை எல்லாம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். ஏ.சி. இல்லை, வியர்க்கவும் இல்லை. வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கேரளத்திலேயே தங்கி, குறைந்த செலவில் வீடு கட்டுவது எப்படி என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர். 1990-ல் பத்மஸ்ரீ. 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். எங்கள் கிளாஸில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் கோட்டை விட்ட பயல்கள்கூட அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கேதான் சார் ஒரு பந்தயம் வைத்தார்.

"சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள இந்தக் கடைக்கு முதலாளி யாருன்னு கண்டுபிடிங்கடா. கரெக்டா சொல்லிட்டா, பில்லு நான் கட்றேன்."

விடுவோமா? ஐம்பது பேரும் சி.பி.ஐ. ஆகிவிட்டோம்!

கல்லாவில் இருக்கிற பெரியவர்தான் என்றான் ஒருத்தன். சார் தலையை ஆட்டினார், இல்லை. ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனிக்கிறாரே, அவரா? இல்லை. கேரளா கவர்ன்மென்ட்டா? இல்லை. பெங்களூரில் யாராவது எஸ்டேட் ஓனரா? இல்லவே இல்லை. மசாலா தோசையைப் பிரித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று பீட்ரூட்! அந்த அதிர்ச்சியில் கொஞ்ச நேரம் துப்பறிவதை நிறுத்திவிட்டோம். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டபோது, வெள்ளை யூனிஃபார்மும் தலையில் விசிறி மாதிரி விரிந்த தலைப்பாகையுமாக எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போன சேட்டனைக் காட்டினார் சார்.

"அவரு."

"அவரா?"

"அவரும்தான். கல்லாவுல இருக்கிறவரும். உள்ள தோசை ஊத்துறவரும்."

பில் நாங்கள்தான் கட்டினோம். ஆனால், அந்தக் கேள்வி என்னோடயே ஊருக்கு வந்துவிட்டது.

வேலை போனவர்கள் ஆரம்பித்த கடை

ஊருக்கு வந்து லைப்ரரியில் தேடினேன். (ஆமாம், எங்கள் காலேஜில் லைப்ரரி இருக்கிறது. எனக்கும் அன்றுதான் தெரியும்.)

கதை 1930-களில் தொடங்குகிறது. காபிக் கொட்டை விளைகிறது, வெளிநாட்டில் விற்கவில்லை. உள்ளூர்க்காரர்களைக் காபி குடிக்க வைத்தால்தான் எஸ்டேட் பிழைக்கும். அதற்காக 1935-ல் காபி செஸ் கமிட்டி வந்தது. 1936-ல் பம்பாயில் முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' திறந்தார்கள். அப்புறம் காபி போர்டு வந்து, 1940-களில் ஊர் ஊராகக் கிளை பரப்பியது. 1950-களின் நடுவில் கொள்கை மாறியது. 'காபி ஹவுஸ் நடத்துவது நம் வேலை இல்லை' என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். வெயிட்டர்கள், சமையல்காரர்கள் எல்லாருக்கும் வேலை காலி.

நம்மாட்கள் என்ன செய்வோம்? மனு, தர்ணா, அப்புறம் அவரவர் வழியைப் பார்த்துப் போய்விடுவோம். இவர்களிடம் வந்தவர் ஏ.கே.ஜி. என்கிற ஏ.கே.கோபாலன். கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர், நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையைக் கலக்கியவர். அவர் காட்டிய வழி வேறு. மூடுகிற கடையை நீங்களே ஏன் எடுத்து நடத்தக்கூடாது?

1957 ஆகஸ்ட்டில் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அதே வருஷம் அக்டோபர் 27-ல் டெல்லியில் கடை திறந்தார்கள். 'இந்தியா' காபி ஹவுஸ், 'இந்தியன்' காபி ஹவுஸ் ஆனது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் என்.எஸ்.பரமேஸ்வரன் பிள்ளை, அவரும் வேலை இழந்த காபி போர்டு தொழிலாளிதான். இன்று நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 400 கடைகள். தனித்தனிச் சங்கங்கள், ஒவ்வொன்றிலும் தொழிலாளிகளே பங்குதாரர்கள். அவர்களே ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீழ்நிலை வேலையில் சேருகிறவர் படிப்படியாக மேலே வரலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் 'அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?' என்று கேட்பார்களே... இங்கே அந்தக் கேள்விக்கு நிஜமாகவே பதில் உண்டு!

கடையைக் காப்பாற்றினது தொழிலாளிகள் மட்டும் இல்லை, குடித்தவர்களும்தான். கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் 1958-ல் மூடுகிற நிலைக்கு வந்தபோது, எதிரே இருந்த பிரசிடென்சி காலேஜ், கல்கத்தா யுனிவர்சிட்டி பேராசிரியர்கள் அரசாங்கத்துக்கு மனு போட்டார்கள். அதே வருஷம் கடை மறுபடி திறந்தது. சத்யஜித் ராய், அமர்த்தியா சென் எல்லாம் வந்து உட்கார்ந்த இடம் அது. பேராசிரியர்களே மனு போடுகிறார்கள் என்றால், கிளாஸ் கட் அடித்து அங்கே உட்கார்ந்தவர்களை என்ன சொல்ல முடியும்?

டெல்லி கதை அப்படி இனிப்பாக முடியவில்லை. கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸில் அரசியல் பேசாத மேஜையே கிடையாது. எமர்ஜென்சி காலத்தில், 1976-ல் அதை இடித்துவிட்டார்கள். அப்புறம் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்து மாடிக்குப் போனது. ஒரு காபிக் கடையைப் பார்த்து ஆட்சிக்குப் பயம் வருகிறது என்றால், அங்கே காபி மட்டுமா ஆற்றியிருப்பார்கள்?

எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட முடியாது. கேரளத்து காபி ஹவுஸில் பல பத்து வருஷங்கள் வெயிட்டர் என்றால் ஆண்களாகத்தான் இருந்தார்கள். 'தொழிலாளிகள் எல்லாரும் முதலாளி' என்கிற வாக்கியத்தில் 'எல்லாரும்' என்றால் யார் யார் என்று நம் கேர்ள்ஸ் கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும்.

நம்ம ஊர் டம்ளர்

இந்த இடத்தில் நம்ம ஊர் சங்கதியும் ஒன்று. காபிக் கடை ஊரைச் சேர்த்தும் வைக்கும், பிரித்தும் வைக்கும். ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரை, காபி தமிழ்நாட்டுக்குள் வந்தபோது எத்தனை ரகளை என்று சொல்கிறது. அப்போதைய 'காபி கிளப்'புகளில் பலவற்றின் போர்டில் சாதியும் சேர்ந்தே தொங்கியது. யார் உள்ளே உட்காரலாம், யார் வெளியே நிற்கணும் என்பதை அந்த போர்டே சொல்லிவிடும்.

டெல்லியில் தொழிலாளிகள் கடை திறந்த அதே 1957-ல், சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் வாசலில் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். எதற்கு? போர்டில் இருந்த 'பிராமணாள்' என்கிற ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி.

கிராமத்து டீக்கடையில் தனி டம்ளர் வைப்பதும் அதே நோயின் வேறு வடிவம்தான். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இவ்வளவுக்கு அப்புறமும் 'இரட்டைக் குவளை' என்கிற வார்த்தை நம் செய்தித்தாள்களிலிருந்து முழுசாகப் போகவில்லை. எங்கள் ஹாஸ்டலில் என்னோடு ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்கிற ஒருத்தன், "எங்க தாத்தா டீக்கடையில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லடா, நின்னுக்கிட்டேதான் குடிப்பார். அவருக்கு உட்காரத் தோணவே இல்ல" என்று சொன்னான். அன்று அந்தப் பரோட்டா எனக்கு இறங்கவில்லை.

ஆகவே, ஒரு காபிக் கடை நல்ல கடையா என்று பார்க்க டிகாக்ஷன் மட்டும் போதாது மக்களே. யார் உட்கார முடிகிறது, யார் பரிமாற முடிகிறது என்றும் பார்க்கணும்.

விலை போடாத மெனு கார்டு

பரிமாறுவது என்றதும் ஆக்ரா ஞாபகம் வருகிறது. தாஜ்மகால் இருக்கிற அதே ஊரில் 2014 டிசம்பரில் 'ஷீரோஸ் ஹேங்அவுட்' என்று ஒரு கஃபே தொடங்கியது. நடத்தியவர்கள் ஆசிட் வீச்சிலிருந்து உயிர் மீண்ட பெண்கள். பின்னால் இருந்தது சாவ்ன் ஃபவுண்டேஷன். மெனு கார்டில் விலை கிடையாது, சாப்பிட்டுவிட்டு உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். 2016-ல் லக்னோவிலும் கஃபே வந்தது.

இதில் பெரிய விஷயம் சம்பளம் மட்டும் இல்லை. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள், முகத்தைத் திறந்தபடி "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்க வருகிறார்கள். கண்ணைத் தாழ்த்த வேண்டியது அவர்கள் இல்லை, வீசினவன் என்பது அங்கே காபி குடித்துவிட்டு வருகிற எல்லாருக்கும் புரியும்.

அதே வேகத்தில் சட்டமும் கொஞ்சம் நகர்ந்தது. 2005-ல் டெல்லியில் ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி அகர்வால், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் கோர்ட், அடையாள அட்டை இல்லாமல் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவே கூடாது, பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தபட்சம் 3 லட்ச ரூபாய் இழப்பீடு என்று சொன்னது. அதே வருஷம் குற்றவியல் சட்டத்தில் ஆசிட் வீச்சுக்குத் தனிப் பிரிவு, குறைந்தபட்சம் 10 வருஷம் ஜெயில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களையும் பட்டியலில் சேர்த்தது.

சென்னையிலும் இதற்கு ஒரு தங்கச்சிக் கடை உண்டு. 2017-ல் கோபாலபுரத்தில் தொடங்கிய 'ரைட்டர்ஸ் கஃபே', தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்கு சமையல், பேக்கரிப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தது. அவர்களோடு கைகோத்தது பி.சி.வி.சி. என்கிற சென்னை அமைப்பு. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் பல வருஷங்களாக வேலை செய்கிறவர்கள். 'ஸ்டவ் வெடிச்சிருச்சு' என்று ஒரு வரியில் போலீஸ் ஃபைலில் முடிந்துபோகிற கதைகளுக்குப் பின்னால் எத்தனை மாமியார் வீடுகள் இருக்கும் என்று அந்த வார்டுக்குத்தான் தெரியும். தீயால் எரிந்தவர்கள் திரும்ப அடுப்பு முன்னால் நின்று கேக் செய்கிறார்கள் என்றால், அந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கர்நாடகத்துப் பக்கம் போனால் 'மிட்டி கஃபே'. 2017-ல் ஹூப்ளியில் ஒரு காலேஜ் கேம்பஸில்தான் முதல் கடை. தொடங்கிய அலீனா ஆலம், படிப்பை முடித்த கையோடு இறங்கியவர். வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வகையில் மாற்றுத்திறனாளிகள். பார்வை இல்லாதவர், காது கேளாதவர், மனவளர்ச்சியில் சவால் உள்ளவர். பிரெய்ல் மெனுவும் சைகையும் வைத்து ஆர்டர் நடக்கிறது. 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் வளாகத்துக்குள்ளேயே அவர்கள் கடை வந்துவிட்டது, திறந்து வைத்தவர் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட். 'இவங்களால வேலை பார்க்க முடியுமா?' என்ற வழக்குக்கு இதைவிடப் பெரிய தீர்ப்பு எந்த கோர்ட்டில் கிடைக்கும்?

எங்க அக்கா கடை

சரி, ஆக்ரா, ஹூப்ளி எல்லாம் போய்வந்தாச்சு. இப்போ எங்கள் காலேஜ் கேட்டுக்கு வாங்க.

எதிரே, வேப்ப மரத்தடியில், நாலு கம்பு, ஒரு தகரக் கூரை, ஒரு பாய்லர். போர்டு கிடையாது, பெயர் கிடையாது. நாங்கள் 'அக்கா கடை' என்போம். அக்காவுக்கு எங்கள் அம்மா வயசு. அதைச் சொன்னால் காபியில் சர்க்கரை குறையும்.

வெளியூர்ப் பசங்களின் அம்மாக்கள் பல பேரிடம் அக்கா நம்பர் இருக்கிறது. 'போன் எடுக்க மாட்டேங்கிறான், அங்க வந்தானா?' என்று கேட்டு போன் வரும். ஹாஸ்டலில் ஒருத்தனுக்கு ராத்திரி ஜுரம் தூக்கியடித்தபோது, வார்டன் லெட்டர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆட்டோ பிடித்து ஜி.ஹெச்.சில் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்காதான். ஒரு ரூல்டு நோட்டு இருக்கும், அதுதான் அக்கவுன்ட். 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஒரே நாளில் காலேஜைக் காலி பண்ணச் சொன்னபோது, அந்த நோட்டில் இருந்த பாக்கியெல்லாம் அப்படியே நின்றுபோனதாம். சீனியர்களில் சில பேர் வேலைக்குப் போன பிறகு ஜி-பேயில் அனுப்பினார்கள். சில பேர் இன்னும் நோட்டில்தான் இருக்கிறார்கள்.

அந்த நோட்டில் நானும் இருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

செகண்ட் இயர். மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட். எம்-3 உட்பட நாலு அரியர். ப்ளஸ் டூவில் கணக்கில் சென்டம் வாங்கியவன் நான்! வீட்டில் 'ஆல் க்ளியர்' என்று சொல்லிவிட்டேன். கிளாஸுக்குப் போனால் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அதனால் போகவில்லை. காலையில் ஹாஸ்டலில் கிளம்பி அக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்தால், சாயங்காலம்தான் எழுந்திருப்பது. மூணு நாள் அப்படியே போனது. மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

நாலாம் நாள் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, காபிக்குக் காசு வேணாம். ஆனா, சும்மா உட்கார இடம் இல்ல. அந்த டம்ளரையெல்லாம் கழுவு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எழுந்து கழுவினேன். அன்று பூராவும் கழுவினேன். கை ஊறிப்போய், சோப்பு நாற்றம் ஏறி, ராத்திரி படுத்ததும் தூங்கிப்போனேன். பல நாள் கழித்து வந்த தூக்கம். மறுநாளும் கழுவினேன். அதுக்கு மறுநாள் அக்கா, ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தரை என் முன்னால் உட்கார வைத்தார். "இவனுக்குக் கணக்கு வரலையாம். நீதான் கணக்குல புலியாச்சே, சொல்லிக் குடு. உன் காபி பாக்கியக் கழிச்சுக்கிறேன்."

எனக்குக் கணக்கு வரவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை. அக்காவுக்கு எப்படித் தெரியும்? பிறகு கேட்டேன். "ரிசல்ட் வந்த மறுநாள் பெஞ்சுல வந்து உட்கார்றவனுக்கு வேற என்ன வரலையாம்?" என்றார். இருபது வருஷமாக அந்த பெஞ்சைப் பார்க்கிறவர் இல்லையா!

ஃபூரியர் சீரிஸ் எனக்குப் புரிந்தது பாய்லர் ஓரத்தில்தான். அடுத்த செமஸ்டரில் மூணு அரியர் க்ளியர், அதற்கடுத்ததில் மிச்சம் ஒன்று. வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் அவரே போன் பண்ணி, "அந்தக் கடைக்காரம்மா நம்பரைக் குடு" என்றார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே இன்றுவரை சொல்லவில்லை.

நோட்டீஸ் வந்த நாள்

திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வந்த மூன்றாவது வாரம், அக்கா கையில் ஒரு பேப்பர். ரோடு அகலப்படுத்துகிறார்கள், கடையை எடுக்கணும். கேட்டுக்கு உள்ளே வேறு, கேன்டீன் பக்கத்தில் ஒரு காபி மெஷின் வந்திருந்தது. பட்டனை அழுத்தினால் காபி. நல்ல மெஷின்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால், டம்ளர் கழுவச் சொல்லாது.

"விடுங்கப்பா, எத்தனை வருஷம்தான் நானும் நின்னுக்கிட்டே இருக்கிறது" என்றார் அக்கா. முகம் வேறு சொன்னது.

அப்போதுதான் சாரின் கேள்வி திரும்ப வந்தது. இந்தக் கடைக்கு முதலாளி யாரு? அக்காதான். ஆனால், அதற்கு ஆதாரம்? இடம் அவருடையது இல்லை. லைசென்ஸ் இல்லை. இருபது வருஷ உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருப்பது அந்த ரூல்டு நோட்டு மட்டும்தான்.

நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து தேடினோம். 2014-ல் சாலையோர வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. நகரப் பகுதிகளில் சாலையோரம் வியாபாரம் பண்ணுகிறவர்களைக் கணக்கெடுத்து, அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கணும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கிறவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் நோட்டீஸ் தரணும். முடிவெடுக்கிற வெண்டிங் கமிட்டியில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது. அக்காவுக்கு ஒரு வரி தெரியாது. எங்களுக்கும்தான். தெர்மோடைனமிக்ஸின் ரெண்டாம் விதி தெரியும், எதிரே இருக்கிற கடையின் விதி தெரியாது!

எங்கள் காலேஜ் மாநகராட்சி எல்லைக்குள்தான் வருகிறது. அக்காவோடு ஆபீஸுக்குப் போனோம். முதல் நாள் 'நாளைக்கு வாங்க'. ரெண்டாம் நாள் 'அந்த செக்ஷன் இல்ல'. மூணாம் நாள் ஒரு நல்ல மனுஷர், ஃபார்மை எடுத்துக் கொடுத்து, எங்கே என்ன எழுதணும் என்று பென்சிலால் டிக் அடித்தும் கொடுத்தார். 'எத்தனை வருஷமா கடை நடத்துறீங்க, அத்தாட்சி உண்டா?' என்று கேட்டார். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்தார். ஒன்று இல்லை, பதினொன்று! பழைய நோட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். தேதி, பெயர், டிபார்ட்மென்ட், எத்தனை காபி, எத்தனை வடை. அந்த மனுஷர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கிற மெக்கானிக்கல் பசங்க யாரும் காசே குடுக்கிறது இல்ல போலயே" என்றார். அந்த ஆபீஸில் அன்றுதான் அக்கா சிரித்தார்.

நோட்டில் இருந்த சீனியர்களுக்கு போன் போட்டோம். பாக்கியைக் கேட்க இல்லை. 'இந்தக் கடை இத்தனை வருஷமா இங்கதான் இருக்கு' என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பச் சொல்லி. கடிதம் வந்தது, கூடவே பாக்கியும் வந்தது. சென்னை, பெங்களூர், ஒன்று துபாயிலிருந்து. ஒருத்தர் தன் பாக்கியைவிடப் பத்து மடங்கு அனுப்பிவிட்டார். அக்கா அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். "அவன் குடிச்சது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

இன்னும் சான்றிதழ் வரவில்லை. விண்ணப்பத்துக்கு ரசீது மட்டும் கையில். கடை வேப்ப மரத்தடியிலிருந்து இருபதடி தள்ளி, ஒரு தள்ளுவண்டிக்கு மாறியிருக்கிறது. பெஞ்ச் வைக்க இடம் இல்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். ரிசல்ட் வந்தால் இனி ஜூனியர்கள் எங்கே போய் உட்காருவார்கள்?

நீங்களும் செய்யலாம்!

உங்கள் காலேஜ் வாசலிலும் ஒரு கடை இருக்கும். நாளைக்குப் போகும்போது மூணே மூணு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

* 'வெண்டிங் சான்றிதழ் இருக்காக்கா?' இல்லை என்றால் மாநகராட்சி, நகராட்சி ஆபீஸில் சாலையோர வியாபாரிகளுக்கான பிரிவில் விசாரிக்க நீங்கள் கூடப் போங்கள். படித்தவன் ஒருத்தன் பக்கத்தில் நின்றாலே பாதி வேலை நடக்கும்.

* 'பேங்க் லோன் கேட்டிருக்கீங்களா?' 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி திட்டம் சாலையோர வியாபாரிகளுக்கு அடமானம் இல்லாமல் கடன் தருவதற்காகத்தான் வந்தது. கந்துவட்டிக்கு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

* மூன்றாவது கேள்வி உங்களுக்கு நீங்களே. 'என் பாக்கி எவ்வளவு?'

போன வாரம் அக்காவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். காபி ஹவுஸ் கதையை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். வேலை பார்க்கிறவங்களே முதலாளியா... அப்போ லாபம் வந்தா? நஷ்டம் வந்தா? சண்டை வந்தா யாரு தீர்த்து வைப்பா? கேள்வி மேல் கேள்வி. பக்கத்தில் வடை போடுகிற பாட்டியையும், எதிரே இளநீர் விற்கிற அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இதைத் திரும்பப் படி" என்றார்.

படித்தேன். மூணு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அக்கா என்னைப் பார்த்து, "அந்தச் சங்கம் பதிவு பண்றதுக்கு எங்கப்பா போகணும்?" என்றார்.

எனக்குத் தெரியாது. நாளைக்கு விசாரிக்கணும்.